கைவீசி வரும் வித்துவான்கள்

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி என்றால் நான் கொஞ்சம் முன்னதாகவே போய் வாசலில் நிற்பேன். வாத்தியங்கள் வந்திறங்குவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். ஆட்டோவின் பின்சீட்டு முழுவதும் வீணை குறுக்கே கிடக்கும், அதன் சொந்தக்காரர் ஓரமாக ஒண்டிக்கொண்டு இறங்குவார். மிருதங்கக்காரர் உறையோடு நெஞ்சில் அணைத்தபடி வருவார். "தாங்கோ, நான் பிடிக்கிறன்" என்று யார் கை நீட்டினாலும் கொடுக்கமாட்டார். வயலின்காரர் தேத்தண்ணி குடிக்கும்போதும் பெட்டியைக் காலுக்கிடையில்தான் வைத்திருப்பார்.

பியானோக்காரர் மட்டும் கையை வீசிக்கொண்டு வருவார்.

அவர் வாசிக்கப்போகும் வாத்தியம் அவருக்கு முன்பே மேடையில் நிற்கிறது. அது மண்டபத்தின் சொத்து. போன வாரம் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதில் பரிசளிப்பு விழாவுக்கு வாசித்திருக்கலாம். எந்தக் கட்டை ஒட்டும், எந்த இடத்தில் சத்தம் காதைக் குத்தும், பெடலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கேட்கும் என்று அவருக்கு எதுவும் தெரியாது. பின்னேரம் ஒரு மணித்தியாலமோ இரண்டோ பழகிப் பார்க்க விடுவார்கள். இரவு அதில் ஏறி உட்கார்ந்து, ஐம்பது வருடமாகக் கூடவே வாழ்ந்த வாத்தியம்போல வாசிக்க வேண்டும்.

பெரிய பியானோ வித்துவான்களைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோரும் வேகத்தையும் ஞாபகசக்தியையும் சொல்வார்கள். அவையும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. எனக்கு வாயடைத்துப் போவது இந்த இடத்தில்தான்: முன்பின் தெரியாத ஒரு பெட்டியைச் சில நிமிடங்களுக்குள் தன் குரலில் பேசவைக்கிறார்களே, அது எப்படி?

கொழும்பில் வளர்ந்ததால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறதோ என்னவோ. எங்கள் ஊர்க் காற்றுக்கும் பியானோவுக்கும் ஆகாது. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஜன்னல் கம்பியே நாலு வருடத்தில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். பியானோவுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட உருக்குக் கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 20 தொன். அதைத் தாங்க உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் உண்டு. ஆனால் ஒலியைத் தருவது அதன் பின்னால் இருக்கும் மெல்லிய மரப்பலகை. ஈரக்காற்றில் அந்தப் பலகை ஊதிக்கொள்ளும், கம்பிகள் இன்னும் இறுகும், சுருதி மேலே போகும். கம்பளித் துணிகள் தடிக்கும், கட்டைகள் அமுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். வெயில் காலம் வந்தால் எல்லாம் மறுபக்கம். இதைத் தெரிந்துதான் இங்கிலாந்துக் கம்பனிகள் அந்தக் காலத்தில் வெப்பநாடுகளுக்கென்றே பித்தளை ஆணி போட்ட பியானோக்களைச் செய்து அனுப்பினார்கள்.

எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டில், சுவரோடு நிற்கும் வகை. அன்ரி ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு லண்டன் பரீட்சைக்குப் பழக்கிக் கொடுத்தவர். நாங்கள் இந்து வீட்டுப் பிள்ளைகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வாய்ப்பாட்டும் வயலினும் படிக்க, எதிர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் கிரேட், ஆறாம் கிரேட் என்று பியானோ படிப்பார்கள். பரீட்சைப் பயம் மட்டும் இரண்டு வீட்டிலும் ஒன்று. அந்தப் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டிருக்கும். பகலும் இரவும் எரியும். ஈரம் ஏறாமல் இருக்க அதுதான் கைவைத்தியம். "தம்பி, எந்த சுவிட்சையும் நிப்பாட்டு, அதை மட்டும் நிப்பாட்டிப் போடாத" என்பார் அன்ரி. மின்வெட்டுக் காலத்தில் அவருக்கிருந்த முதல் கவலை குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியதாக இருக்கவில்லை.

பியானோவைச் சுருதி சேர்க்க ஒரு வயதான மனிதர் வருவார். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. நடுப்பகுதியில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பி. ஒரு நீளமான கம்பளி நாடாவைக் கம்பிகளுக்கிடையில் செருகி, மூன்றில் இரண்டை ஊமையாக்குவார். எஞ்சிய ஒன்றைச் சரிசெய்து முடித்ததும் அடுத்த கம்பியைத் திறந்துவிடுவார். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது "வவ் வவ் வவ்" என்று ஒரு அலை கேட்கும். சாவியை அவர் திருப்புவது கண்ணுக்கே தெரியாது. அலை மெதுவாகும், இன்னும் மெதுவாகும், திடீரென்று காணாமல் போய்விடும். அந்த இடத்தில் அவர் கையை எடுத்துவிடுவார். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களிடமும் இதே காது இருக்கிறது. ஒரு வித்தியாசம்: தம்புராக்காரர் அலை முழுதாகச் சாகும்வரை விடமாட்டார். பியானோவில் பல இடங்களில் அலையை வேண்டுமென்றே கொஞ்சம் உயிரோடு விட்டுவைக்க வேண்டும். பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாக இடைவெளி பிரிப்பதால், பியானோவின் அந்தர காந்தாரம் (இரண்டு 'க'-க்களில் மேலே உள்ளது) தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூட நிற்கும். ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் 14 பங்கு. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது பியானோவை முதலில் கேட்கும்போது "எங்கேயோ இடிக்கிறதே" என்று சந்தேகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பெரிய காரணம் கமகம். பியானோவில் அது இல்லை, இருக்கவும் முடியாது. வீணையில் கம்பியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கலாம். வயலினில் வில் நகரும்வரை சுரம் வளரும். பியானோவில் கட்டையை அமுக்கியதும் ஒரு சுத்தியல் கிளம்பிப் போய்க் கம்பியை அடிக்கிறது. அடித்த கணத்திலேயே சத்தம் சாகத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வாசிப்பவர் அதைப் பெரிதாக்கவோ வளைக்கவோ நடுங்கவைக்கவோ முடியாது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. கட்டை கீழே போகும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர். அது அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் பொறியிலிருந்து விடுபட்டுவிடும். கடைசி ஓரிரு மில்லிமீட்டரைத் தன் வேகத்தில் தானே பறந்து கடக்கும். அதாவது சத்தம் பிறக்கும் நேரத்தில் வாசிப்பவரின் விரலுக்கும் கம்பிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கில இயற்பியலாளர் 1930களில் இதை வைத்துப் பியானோக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். சுத்தியலின் வேகம் ஒன்றாக இருந்தால், கட்டையை அமுக்குவது பெரிய கலைஞரின் விரலா குடைக்காம்பா என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது அவர் வாதம்.

ஒற்றைச் சுரத்துக்கு அவர் சொன்னதில் பெரிய பிழை கிடையாது. ஆனால் யார்தான் ஒற்றைச் சுரத்தைக் கேட்க டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்?

ஷூபர்ட் 1827 இல் பியானோவுக்கு எழுதிய எட்டு இம்ப்ராம்ப்டு என்ற சின்னத் துண்டுகளில் மூன்றாவதைப் போட்டுக் கேளுங்கள். ஜி ஃபிளாட் மேஜர். ஆறு ஃபிளாட் (சுரத்தை அரைச்சுரம் இறக்கும் குறி) இருக்கும் சுருதி என்பதால் வாங்குபவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தோ என்னவோ, 1857 இல் பதிப்பித்தவர் அதைச் சுலபமான ஜி மேஜருக்கு மாற்றிவிட்டார். வியாபாரி புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான். இந்தத் துண்டில் வலது கை இரண்டு வேலை செய்கிறது. மேலே நீண்ட ஒரு பாட்டு, அதைப் பாடுவது பெரும்பாலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும், கையிலேயே நோஞ்சான்களான இரண்டு விரல்கள். அதே கையின் மற்ற விரல்கள் அடியில் விடாமல் அலையடித்துக்கொண்டிருக்க வேண்டும். இடது கை ஆழத்தில் நடக்கும், நடுநடுவே உறுமும். அலையில் சுரங்கள் நிறைய, பாட்டில் சுரங்கள் குறைவு. கொஞ்சம் கவனம் பிசகினால் பாட்டு அலைக்குள் மூழ்கிப்போகும். அதற்குப் பயந்து பாட்டை ஓங்கி அடித்தால் ஆணி அறைவதுபோல இருக்கும்.

நல்ல வாசிப்பில் என்ன நடக்கிறது என்று வடிவாகக் கேட்டால் விளங்கும். பாட்டின் ஒரு சுரம் சாகச் சாக, அலையும் கூடவே தணிகிறது. அடுத்த சுரம், முந்தையது எந்த அளவுக்குத் தணிந்ததோ கிட்டத்தட்ட அந்த அளவிலேயே எழுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இணைப்பு இருப்பதாக நம் காது தானே முடிவு கட்டிக்கொள்கிறது. ஒரு இழை முந்தியோ பிந்தியோ ஒரு சுரம் விழும்போது, பாடகர் மூச்சு வாங்கியதுபோலக் கேட்கிறது. எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும், எது எதன்மேல் படிய வேண்டும் என்று நொடிக்குப் பத்து முடிவு. ஜீன்ஸின் குடைக்காம்பு இதைச் செய்யாது. வளைக்க முடியாத சுரங்களை வைத்து வளைவை நம்பவைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்த அன்றைக்குத்தான் பியானோ எனக்குத் திறந்தது. கமகம் இல்லையே என்ற குறை அதோடு போயிற்று.

இந்தத் துண்டுக்கு என்னிடம் அடிக்கடி ஓடும் பதிவு டினு லிபாட்டி வாசித்தது. ருமேனியாக்காரர், 33 வயதில் இரத்தத்தோடு தொடர்புடைய புற்றுநோயில் இறந்தவர். 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்ஸின் பெசான்சோன் நகரில் அவருடைய கடைசிக் கச்சேரி. அடுத்த டிசம்பரில் ஆள் இல்லை. வைத்தியர்கள் வேண்டாமென்று தடுத்தும் வந்து வாசித்தார். பாக், மொசார்ட், ஷூபர்ட், அப்புறம் சொபினின் வால்ட்ஸ் என்ற நடன மெட்டுகள். 14 வால்ட்ஸில் 13 வாசித்தார், கடைசி ஒன்றுக்கு உடம்பில் சக்தி இருக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் கண்கலங்குவார்கள், நானும்தான். ஆனால் அந்த ஒலிப்பதிவில் நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது வேறொன்றுக்கு. பாக் தொடங்குமுன் அவர் கட்டைகளின்மேல் ஒரு சின்ன ஓட்டம் ஓடிப் பார்க்கிறார். கீழிருந்து மேலே, அவ்வளவுதான். வீணைக்காரர் மேடையில் அமர்ந்ததும் தந்திகளை ஒருமுறை வருடுவாரே, அதே காரியம். அந்தச் சில நொடிகளில் ஒரு வித்துவான் அந்நிய வாத்தியம் ஒன்றிடம் நலம் விசாரிப்பது கேட்கிறது. அதற்கடுத்து வரும் பாக்கில் தயக்கத்தின் நிழல்கூட இல்லை.

இந்த நிச்சயமின்மையைப் பொறுக்க முடியாதவர்களும் உண்டு, அவர்களில் சிலர் உலகத்தின் மிகப்பெரிய கலைஞர்கள். ஹொரொவிட்ஸ் 1925 இல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறி, 1986 இல் 82 வயதில் மொஸ்கோவுக்குத் திரும்பிப்போய் வாசித்தார். பழைய ஊருக்கு வெறுங்கையோடு போகவில்லை, நியூயோர்க்கில் இருந்த தன் ஸ்டெய்ன்வே பியானோவும் கூடவே போயிற்று. இத்தாலியின் மிக்கெலாஞ்செலி தன் பியானோவும் தன் தொழில்நுட்பக்காரரும் இல்லாமல் நகரமாட்டார். இரண்டும் சரியாக இருந்தாலும் சிலவேளை கச்சேரியை ரத்துச் செய்துவிடுவார். க்ளென் கூல்ட் பியானோவோடு கதிரையையும் சுமந்து திரிந்தார். தகப்பன் செய்து கொடுத்த அந்த மடக்குக் கதிரை தரையிலிருந்து ஒரு முழத்தைவிடக் குறைந்த உயரம், மூக்கு கட்டையில் முட்டுமளவுக்குக் குனிந்து வாசிப்பார். அவர் உயிராக நேசித்த பியானோவை 1971 இல் ஏற்றியிறக்கும்போது யாரோ கீழே போட்டுவிட்டார்கள், இரும்புச் சட்டமே வெடித்துவிட்டது.

போலந்தின் கிறிஸ்டியன் சிமர்மன் கதைதான் எங்களுக்கு நன்றாக விளங்கும். அவரும் சொந்தப் பியானோவோடு பயணம் செய்பவர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குக் கொஞ்ச நாள் கழித்து நியூயோர்க் விமான நிலையத்தில் அவர் பியானோவைப் பிடித்துக்கொண்டார்கள். பசையின் வாசனை வெடிமருந்துபோல இருந்ததாம். பியானோவை அழித்தேவிட்டார்கள். கொழும்பில் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் வயலின் பெட்டியைத் திறந்து காட்டி, உள்ளே இருந்த, வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி என்னவென்று விளக்கம் கொடுத்தவர்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிக்கமாட்டார்கள்.

நான் ரிக்டர் கட்சி. சோவியத் பியானோ வித்துவான் ஸ்வியாத்தொஸ்லாவ் ரிக்டர், பியானோவைத் தேர்ந்தெடுப்பதே கெட்ட பழக்கம் என்று நினைத்தவர். தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் சந்தேகம் தொடங்கிவிடும், கிடைத்ததை நம்பி உட்கார வேண்டும் என்பது அவர் போக்கு. பிற்காலத்தில் யமஹா கம்பனி அவருக்குப் பியானோவும் ஆளும் கொடுத்துத் தாங்கியது உண்மைதான். ஆனால் அந்த மனப்பான்மை அதற்கு முன்பே முற்றிப்போயிருந்தது. 22 வயதுவரை ஒழுங்கான குரு என்று யாரிடமும் படிக்காமல், தியேட்டரில் பாடகர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, 1937 இல் மொஸ்கோவில் பியானோ ஆசிரியர் நெய்ஹவுஸ் முன்னால் போய் நின்றவர். 1944 தொடக்கத்தில், முற்றுகை இன்னும் முடியாத லெனின்கிராட்டில் வாசித்தார். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்த மண்டபம், கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த சனம். 1986 இல், 71 வயதில், காரில் சைபீரியாவைக் குறுக்கே கடந்து, போகும் வழியில் இருந்த சின்னச் சின்ன ஊர்களிலெல்லாம் வாசித்தார். கார்னகி மண்டபத்தை நிரப்பக்கூடிய மனிதர்!

அவருடைய 1958 சோஃபியா கச்சேரிப் பதிவு முழுக்க இருமல். முஸோர்க்ஸ்கியின் ஓவியக் கண்காட்சித் துண்டுகளை அவர் வாசிக்க வாசிக்க, பல்கேரியாவின் பெப்ரவரிக் குளிர் முழுவதும் அந்த மண்டபத்தில் இருமிக்கொண்டிருக்கிறது. சுத்தமான ஸ்டூடியோப் பதிவு கேட்டுப் பழகியவர்கள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். கொழும்பில் கச்சேரி கேட்பவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் மண்டபங்களில் மழை கூரையில் இறங்கும், வெளியே ஆட்டோ ஹோர்ன் அடிக்கும், முன்வரிசையில் ஒருவரின் போன் பக்திப்பாட்டு வைக்கும். அதற்குள்ளும் ஒரு நல்ல கை கட்டைமேல் விழுந்தால் கேட்கத்தான் செய்கிறது.

கிடைத்ததில் வாசித்தவர்கள் என்றால் டாங் தாய் சோனை விட முடியாது. வியட்நாம்காரர், 1958 இல் ஹனோயில் பிறந்தவர். தாய்தான் முதல் குரு. அமெரிக்கக் குண்டுவீச்சுக்குப் பயந்து ஹனோயின் இசைப்பள்ளி முழுவதும் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தபோது பிள்ளையும் போனது, பியானோவும் போனது. ஒரே பியானோவை எல்லா மாணவர்களும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்குக் கொஞ்ச நேரம். அங்கிருந்து மொஸ்கோ, அங்கிருந்து வார்சா. 1980 இல் அங்கே நடந்த சொபின் பியானோப் போட்டியில் முதலிடம். அதற்கு முன் எந்த ஆசியரும் அதை வென்றதில்லை. பாவம், அந்த வருடம் பத்திரிகைகள் எழுதியது வேறு கதையை. ஈவோ பொகொரெலிச் என்ற இளைஞரை நடுவர்கள் இறுதிச்சுற்றுக்கு முன் நிறுத்திவிட, நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்ஹெரிச் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே வெளியேறிவிட்டார். வென்றவர் பெயரைவிடத் தோற்றவர் பெயர் பெரிதாக ஓடியது. ஆனால் காலம் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். 2021 இல் அதே போட்டியை வென்ற புரூஸ் லியுவும், 2025 இல் வென்ற எரிக் லுவும் டாங் தாய் சோனிடம் படித்தவர்கள். குண்டுக்குப் பயந்து இடம்பெயர்ந்த ஒரு பியானோவின் பேரப்பிள்ளைகள் என்று நான் சொல்லிக்கொள்வேன். இடம்பெயர்வு என்ன என்று தெரிந்த எங்கள் சனத்துக்கு இந்த மனிதரை இன்னும் சரியாகத் தெரியாமல் இருப்பது எனக்கு ஒரு மனக்குறை.

எங்கள் ஊர்ப் பெயரும் இந்தப் பரம்பரையில் உண்டு. கறுவாத்தோட்டத்தில் லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்கள், அந்தப் பெயருக்குரியவரை நிழற்படக் கலைஞராகத்தான் அறிந்திருப்பார்கள். ஆள் பியானோக்காரர். 1900 இல் பிறந்து 1944 இல் இறந்தவர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், கூடவே பியானோவும் படித்துத் திரும்பி, சட்டத்தை மூலையில் போட்டார். அங்கே அவர் குருக்களில் ஒருவர் மார்க் ஹம்போர்க். ஹம்போர்க் வியன்னாவில் லெஷெடிட்ஸ்கியிடம் படித்தவர். லெஷெடிட்ஸ்கி செர்னியிடம். செர்னி பேத்தோவனிடம். சங்கீதக்காரர் வீடுகளில் தியாகராஜரிலிருந்து தங்கள் குருவரை விரல் மடக்கி எண்ணுவார்களே, அதே எண்ணிக்கை பேத்தோவனில் தொடங்கிக் கொழும்பு ஏழில் வந்து முடிகிறது! இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1929 இல் சிலி நாட்டுக் கொன்சலாக இங்கே வந்து எங்கள் வெள்ளவத்தைக் கடலோரத்தில் தனியாகக் குடியிருந்த இளம் கவிஞர் பாப்லோ நெரூடாவுக்கு, வாராவாரம் சைக்கிளில் ஒரு மூட்டை புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தவரும் இதே வென்ட்தான்.

இன்னொருவர் கொழும்பில் பிறந்த ரோஹான் டி சில்வா. வயலின் மேதை இட்ஸாக் பெர்ல்மனோடு பல வருடங்களாக உலகம் சுற்றி வாசிப்பவர். எங்கள் பாஷையில் பக்கவாத்தியம். அந்தச் சோடியைக் காணொளியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். பெர்ல்மன் கையில் இருப்பது 1714 இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின், அவரோடு வீட்டில் தூங்கி எழும்பும் வாத்தியம். பக்கத்தில் கொழும்புக்காரர் உட்கார்ந்திருப்பது அந்தந்த ஊர் மண்டபத்தின் பியானோவில். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று. அந்த முந்நூறு வருட வயலினுக்கு மேலே போகாமலும் கீழே அமுங்காமலும் ஒவ்வொரு இரவும் அவர் அளவு பார்க்க வேண்டும். கைதட்டில் பெரும்பங்கு யாருக்குப் போகும் என்பது தெரிந்ததே. நல்ல மிருதங்கக்காரர்களுக்கு இந்த நியாயம் பழக்கம்.

இப்படியெல்லாம் சொன்னால் என் அக்காவின் மகனுக்குக் கொட்டாவி வரும். அவனுக்கு வேகம் வேண்டும். சென்னைப் பெடியன் லிடியன் நாதஸ்வரம் 2019 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டு பறக்கும் துண்டை நிமிடத்துக்கு 325 தாளத்தில் வாசித்ததைத் திரும்பத் திரும்ப அனுப்புவான். "மாமா, இதைவிட ஸ்பீடா ஆரும் வாசிப்பினமோ?" என்று கேட்பான். வாசிப்பினம், ஆனால் அது போட்டியில்லையடா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். வேகத்தை இளக்காரமாகப் பேசும் ரசிகர்களை எனக்கும் பிடிக்காது. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை விழும்போது தொடையில் தட்டாத மனிதன் எதற்குக் கச்சேரிக்கு வர வேண்டும்?

அதனால் அவனுக்கு ஆர்ஹெரிச் வாசிக்கும் ஸ்கார்லட்டியைப் போட்டுக் காட்டினேன். டி மைனர், அவருடைய துண்டுகளின் பட்டியலில் கே 141. ஒரே கட்டையை விரல் மாற்றி மாற்றி, துப்பாக்கி வெடிப்பதுபோலத் தொடர்ந்து அடிக்க வேண்டும். இதில் வாத்தியத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1821 இல் எரார்ட் கம்பனி காப்புரிமை எடுத்த பொறியால், கிராண்ட் பியானோவில் கட்டை முழுதாக மேலே வருமுன்பே இரண்டாம் முறை அடிக்கலாம். சுவரோரப் பியானோவில் அந்த வசதி இல்லை. ஒழுங்கையில் இருந்த அந்த ஈரம் குடித்த பியானோவில் இந்தத் துண்டைத் தொடங்கினால் மூன்றாவது அடியிலேயே கட்டை கீழே படுத்துக்கொள்ளும். ஆர்ஹெரிச்சின் கையில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. அதற்குமேல் அந்த அடிகளின் வரிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏதோ ஒரு இடத்தை நோக்கி ஓடுகிறது. பெடியன் பேசாமல் பார்த்துவிட்டு, "இந்த அன்ரி ஆர்?" என்று கேட்டான். 1965 சொபின் போட்டியை வென்றவர், ஆர்ஜென்டினாக்காரி, 1980 இல் கோபித்துக்கொண்டு போனவர் இவர்தான் என்றேன். கோபித்துக்கொண்டு போன விஷயம் அவனுக்கு வாசிப்பைவிடப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவனாகவே தேடத் தொடங்கிவிட்டான். 2022 இல் 18 வயதில் அமெரிக்காவின் வான் கிளைபர்ன் பியானோப் போட்டியை வென்ற கொரியப் பெடியன் யுன்சான் லிம்மின் ரக்மானினோவ் மூன்றாம் கொன்செர்ட்டோவை அவன்தான் எனக்கு முதலில் அனுப்பினான் என்று இப்போது வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். அதை நான் அந்தப் போட்டி நடந்த கிழமையே பார்த்தாயிற்று. சரி, இருக்கட்டும்.

போன கிழமை அவன் கேட்ட கேள்வி: "மாமா, காசைப் பற்றி யோசிக்காமல் ஒரே ஒரு ஆளின்ர கச்சேரிக்குப் போகலாம் எண்டால் ஆரிட்டப் போவியள்?" ரிக்டரும் லிபாட்டியும் உயிரோடு இல்லை. சிமர்மன் என்று சொல்ல வந்தேன், அவர் பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. ஆர்ஹெரிச் என்றேன். அவன் உடனே போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இவ அடிக்கடி கச்சேரியைக் கான்சல் பண்ணுறவவாம் மாமா. ரீஃபண்ட் தருவினமோ எண்டு பாத்திட்டு டிக்கெட்டை எடுங்கோ."